டர்பன்: கடலில் யார் இறங்கலாம்?

தென்னாப்பிரிக்காவில் ஜூன், ஜூலை மாதங்கள் குளிர்காலம். ஆப்பிரிக்கா என்றாலே வெயில்தான் என்று நம்பி, 2010 உலகக்கோப்பைக் கால்பந்தைப் பார்க்கக் கிளம்பிப் போன வெளிநாட்டு ரசிகர்கள் பலர் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கியதும் நடுங்கிப்போனார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கும் ஊர் அது. இரவு ஆட்டங்களுக்குக் கம்பளித் தொப்பியும் கையுறையும் இல்லாமல் உட்கார முடியாது. கிழக்குக் கடற்கரையில் இருக்கும் டர்பனில் கதையே வேறு. அங்கே அரைக்கால் சட்டையோடு மணலில் உட்கார்ந்து, பெரிய திரையில் ஆட்டம் பார்த்தார்கள்.

இதற்குக் காரணம் கடல். வெப்பமண்டலத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே இறங்கும் அகுல்யாஸ் நீரோட்டம் வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவருகிறது. மழை கோடையில் பெய்து முடிந்துவிடுவதால் குளிர்காலத்து வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். பகலில் 22, 23 டிகிரி. நம் ஊர் மார்கழிப் பகலைவிடக் கொஞ்சம் இதமானது. இந்த மாதங்களில்தான் மத்தி மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரையோரம் வடக்கு நோக்கி வரும். கரைவலை இழுப்பவர்கள் படகோடு காத்திருப்பார்கள். வலை கரையேறும்போது ஊர்க்காரர்கள் வாளியும் பையுமாக அலைக்குள் ஓடுவார்கள். அப்படி வலை இழுத்த குடும்பங்களில் பல, ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள்.

ஆக 2010-இல் டர்பனுக்கு வந்த ரசிகரின் நாள் இப்படி அமைந்திருக்கக்கூடும்: காலையில் கடல் குளியல். மதியம் பாதி ரொட்டியைக் குடைந்து அதில் குழம்பை ஊற்றித் தரும் பன்னி சௌ. மாலையில் வுவுசேலாவை ஊதிக்கொண்டே, கடற்கரையிலிருந்து பொடிநடையாகப் போய்விடக்கூடிய மைதானம். யார் எந்த நிறம், எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த மணலில் அப்படி யாரும் கேட்காமல் இருந்தது, அப்போது வெறும் இருபது வருடப் பழக்கம்தான்.

பலகை நின்ற கரை

1980களில் இதே கடற்கரையில் கால் வைக்குமுன் ஒரு பலகையைப் படித்தாக வேண்டும். ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், ஜூலு என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தார்கள். டர்பன் கடற்கரை விதிகளின் 37-ஆம் பிரிவின்படி இந்தக் குளிக்கும் பகுதி வெள்ளை இனத்தவருக்கு மட்டும் என்பது அதன் சாரம். அந்தப் பலகையின் புகைப்படம் பின்னாளில் உலகம் முழுக்கச் சுற்றியது. இனவொதுக்கல் பற்றிய புத்தகங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

1953-இல் வந்த தனி வசதிகள் சட்டம் பூங்கா பெஞ்சு முதல் கழிப்பறை வரை எல்லாவற்றையும் இனவாரியாகப் பிரித்தது. கடலும் தப்பவில்லை. ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் 'கோல்டன் மைல்' என்ற நடுப்பகுதி வெள்ளையருக்கு. 1952-இலேயே சுறாக்களைத் தடுக்க வலை போட்ட ஊர் டர்பன். வலையும் உயிர்காக்கும் காவலர்களும் நீச்சல் குளங்களும் தாராளமாக இருந்தது அந்த நடுப்பகுதியில்தான். ஆப்பிரிக்கர்களையும் இந்தியர்களையும் வடக்கே, உம்கேனி ஆற்று முகத்துவாரத்தை நோக்கித் தள்ளியிருந்தார்கள்.

ஆனாலும் நடுக்கடற்கரையில் கறுப்பரும் இந்தியரும் இல்லாமல் இல்லை. ஹோட்டல்களில் தட்டேந்திப் பரிமாறியவர்களில் பலர் இந்தியர்கள். மாட்டுக்கொம்பும் பாசிமணியும் வைத்த பெரிய தலையலங்காரத்தோடு ரிக்‌ஷா இழுத்தவர்கள் ஜூலுக்கள். 1890களில் வந்த அந்த வண்டிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கில் ஓடின. சுற்றுலா வந்த வெள்ளையர்கள் அவற்றில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். கறுப்பருக்கும் இந்தியருக்கும் கரையில் வேலை இருந்தது, நீரில் இடமில்லை.

1980களில் மாநகராட்சி சில பகுதிகளை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டது. மிச்சத்தை மக்கள் திறந்தார்கள். 1989 செப்டம்பரில் நாடு முழுக்க ஒத்துழையாமை இயக்கம் நடந்தபோது, டர்பனில் ஆயிரக்கணக்கானவர்கள் வெள்ளையர் கடற்கரைக்குக் குடும்பத்தோடு குளிக்கப் போனார்கள். கூட்டம், கோஷம், ஊர்வலம் எல்லாவற்றுக்கும் பதிலாகத் துண்டும் குழந்தையும் மட்டும். குளிப்பதே போராட்டம். அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று எல்லாக் கடற்கரைகளும் எல்லோருக்கும் திறக்கப்படும் என்று அதிபர் டி கிளர்க் அறிவித்தார். மறுவருடம் சட்டமே ரத்தானது.

2010-இல் அந்த மணலில் திரை கட்டியபோது உலகத் தொலைக்காட்சிகள் அதைக் கால்பந்தின் மாயம் என்று காட்டின. மாயம் ஏதுமில்லை, இருபது வருடத்துக்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்கள் நனைந்து வாங்கி வைத்திருந்த இடம் அது.

மைதானம் கிடைக்காதவர்களின் கால்பந்து

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கரும்புத் தோட்டத்து வேலைக்காக வந்த முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தபின் பலர் நகரத்துக்குள் வந்து மாநகராட்சியின் துப்புரவுப் பணியிலும் சாலைப் பணியிலும் சேர்ந்தார்கள். அவர்களுக்காக சோம்ட்சூ சாலையருகே கட்டிய வரிசை வீடுகளுக்கு மேகசின் பாரக்ஸ் என்று பெயர். அங்கே பேசியது பெரும்பாலும் தமிழும் தெலுங்கும். தெருக்கூத்து, கோயில், பஜனை, நெரிசல் எல்லாம் இருந்தன. கால்பந்தும் இருந்தது.

இந்தியர்களிடையே கால்பந்து வெறும் பொழுதுபோக்காக நிற்கவில்லை. 1903-இலேயே மாகாணங்களுக்கிடையிலான சாம் சைனா கோப்பை தொடங்கிவிட்டது. 1921-22-இல் தென்னாப்பிரிக்க இந்தியர் அணி ஒன்று ஆல்பர்ட் கிறிஸ்டோபர் தலைமையில் கப்பலேறி இந்தியாவுக்கே வந்து ஆடிவிட்டுப் போனது. தோட்டக் கூலிகளாகப் போனவர்களின் பிள்ளைகள் பந்தோடு தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தார்கள் என்பது நம் விளையாட்டு வரலாற்றில் அவ்வளவாகப் பேசப்படாத செய்தி.

அவர்களுடைய மைதானம் கரீஸ் ஃபவுண்டன். 1870களின் இறுதியில் வறட்சி வந்தபோது ஊருக்குத் தண்ணீர் கொடுத்த கிணறு இருந்த இடம். கிணற்றைத் தோண்டிய மேயர் கரீயின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. வார இறுதிகளில் அங்கே கூட்டம் அலைமோதும். அரசியல் கூட்டங்களும் அங்கேதான். 1974-இல் மொசாம்பிக்கின் ஃபிரெலிமோ விடுதலை இயக்கத்துக்கு ஆதரவாகக் கூடிய கூட்டத்தைப் போலீஸ் கலைத்ததும் அதே இடத்தில்தான்.

வெள்ளையர்களுக்குத் தனி லீக் இருந்தது. 1959-இல் தொடங்கிய அந்தத் தேசிய கால்பந்து லீக்கின் முதல் சாம்பியன் டர்பன் சிட்டி. இன்னொரு பக்கம் 1961-இல் எல்லா இனத்தவரும் சேர்ந்து ஆடும் தென்னாப்பிரிக்க சாக்கர் லீக் பிறந்தது. ஏசஸ் யுனைட்டெட், ஏவலன் அத்லெட்டிக் போன்ற டர்பன் அணிகள் அதில் கொடிகட்டிப் பறந்தன. அரசாங்கம் அதைத் தடைசெய்யவில்லை. அதைவிட எளிதான வழி இருந்தது: மைதானங்களைத் தர மறுத்தது. 1966-இல் அந்த லீக் முடிந்துபோனது. ஆட்டக்காரர்களும் பார்வையாளர்களும் இருந்தும் ஆடுகளம் மட்டும் இல்லாமல் போனதால் செத்த லீக் அது.

உலக அரங்கிலும் இதே சண்டை நடந்தது. வெள்ளையர் மட்டுமே ஆண்ட கால்பந்துச் சங்கத்தை ஃபிஃபா 1961-இல் இடைநீக்கம் செய்தது. 1966 உலகக்கோப்பைக்கு வெள்ளையர் அணி, 1970-க்குக் கறுப்பர் அணி என்று மாற்றி மாற்றி அனுப்புகிறோம் என அந்தச் சங்கம் ஒரு யோசனை சொன்னது. உலகம் அதை ஏற்கவில்லை. சொவேட்டோ மாணவர் எழுச்சி நடந்த 1976-இல் ஃபிஃபா அதை முழுதாக வெளியேற்றியது.

இதற்கிடையில் மேகசின் பாரக்ஸும் போய்விட்டது. குடியிருப்புகளை இனவாரியாகப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் கீழ் 1960களில் அங்கிருந்த குடும்பங்களை நகரத்தின் தெற்கே புதிதாக உண்டாக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பிவிட்டார்கள். கடலுக்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் மலைச்சரிவுகளுக்குப் போனார்கள். பாரக்ஸ் இருந்த பகுதியிலிருந்து ஏறக்குறைய கூப்பிடு தூரத்தில்தான் இன்றைய உலகக்கோப்பை மைதானம் நிற்கிறது.

ஜூலை 7, இரண்டு முறை

டர்பன் கால்பந்தில் ஒரு தேதி இரண்டு முறை வருகிறது. 1992 ஜூலை 7 அன்று, ஃபிஃபா மறுபடியும் சேர்த்துக்கொண்ட சில நாட்களிலேயே, எல்லா இனத்தவரையும் கொண்ட தென்னாப்பிரிக்க அணி தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. இடம் டர்பன் கிங்ஸ் பார்க், எதிரணி கேமரூன். இரண்டு வருடத்துக்கு முன்புதான் உலகக்கோப்பைக் காலிறுதி வரை போய் இங்கிலாந்தை நடுங்கவைத்த கேமரூன். டாக்டர் குமாலோ அடித்த பெனால்ட்டியில் தென்னாப்பிரிக்கா 1-0 என்று வென்றது.

அதே கிங்ஸ் பார்க்கில்தான் 1990 பிப்ரவரி 25 அன்று, சிறையிலிருந்து வெளிவந்து இரண்டே வாரமான மண்டேலா பேசினார். கட்சிச் சண்டையில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த, டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்து மக்களிடம், துப்பாக்கியையும் கத்தியையும் கடலில் எறியுங்கள் என்று கேட்டார். கடல் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் சண்டை ஓய மேலும் சில வருடங்கள் ஆயின.

2010 ஜூலை 7 அன்று, அந்த கிங்ஸ் பார்க்கை ஒட்டி எழுந்திருந்த புதிய மைதானத்தில் ஸ்பெயினும் ஜெர்மனியும் அரையிறுதி ஆடின. 73-ஆவது நிமிடத்தில் சாவி கொடுத்த கார்னர், புயோல் தலையால் முட்டிய கோல். ஸ்பெயின் 1-0. இதே மைதானத்தில்தான் மூன்று வாரத்துக்கு முன் சுவிட்சர்லாந்திடம் முதல் ஆட்டத்தைத் தோற்றிருந்தது அந்த அணி. முதல் ஆட்டத்தில் தோற்றும் கோப்பையை வென்ற முதல் அணி ஸ்பெயின்தான். அதன் சரிவும் மீட்சியும் இரண்டுமே டர்பனில் நடந்தன.

மைதானத்துக்கு மோசஸ் மபிடா என்று பெயர் வைத்தார்கள். தொழிற்சங்கத் தலைவர், தென்னாப்பிரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர். 1986-இல் நாடு கடந்த நிலையில் மாபுட்டோவில் இறந்தவர். 2006-இல் அவர் உடலைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். மைதானத்தின் மேலே 350 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளை வளைவு. தெற்கே இரண்டு கால்களாகத் தொடங்கி வடக்கே ஒன்றாகச் சேரும். நாட்டின் கொடியில் இருக்கும் அதே வடிவம். நூறு மீட்டருக்கும் மேல் உயரமான அதன் உச்சிக்கு இழுவைப் பெட்டியில் போகலாம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளிலும் ஏறலாம். மேலிருந்து பார்த்தால் ஒருபக்கம் கடல், இன்னொரு பக்கம் நகரம், கீழே பக்கத்திலேயே பழைய கிங்ஸ் பார்க்.

ஏழு ஆட்டங்கள் அங்கே நடந்தன. ஜெர்மனி ஆஸ்திரேலியாவை 4-0 என்று நொறுக்கியது. வெறும் வலை முன்னால் நிற்க, மிக அருகிலிருந்து நைஜீரியாவின் யாகுபு பந்தை வெளியே தள்ளியது இன்றும் கோல் தவறிய காட்சிகளின் பட்டியலில் தவறாமல் வருகிறது. பிரேசிலும் போர்ச்சுகலும் கோலே போடாமல் ஆடிமுடித்தன.

திரையில் வராதவையும் நடந்தன. ஜெர்மனி ஆடிய அந்த முதல் இரவிலேயே, பேசிய கூலி கிடைக்கவில்லை என்று மைதானக் காவல் ஊழியர்கள் கூடி நின்றார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசி, ரப்பர் குண்டு சுட்டு அவர்களை விரட்டியது. அரையிறுதி நாளில் தனியார் விமானங்கள் வந்து புதிய கிங் ஷாகா விமானநிலையத்தை அடைத்துக்கொண்டதில், சாதாரண விமானங்களில் வந்த நூற்றுக்கணக்கானவர்கள் டிக்கெட் கையில் இருந்தும் ஆட்டத்தைத் தவறவிட்டார்கள். பலகை போய்விட்டாலும், யாருக்கு முதலிடம் என்பதைப் பணம் சொல்ல ஆரம்பித்திருந்தது.

சந்தையைக் காப்பாற்றியவர்கள்

போட்டி வருகிறது என்றால் நகரத்துக்குத் திடீரென்று வெட்கம் வந்துவிடும். அழுக்கு, நெரிசல், நடைபாதைக் கடை எல்லாம் கண்ணை உறுத்தத் தொடங்கும். டர்பனுக்கு அந்த வெட்கம் வாரிக் சந்திப்பில் வந்தது.

வாரிக் என்பது பேருந்தும் ரயிலும் சிற்றுந்து டாக்ஸிகளும் சேரும் இடம். நாளொன்றுக்கு நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைக் கடந்துபோவதாக மதிப்பிடுகிறார்கள். மூலிகை வேர்கள், பாசிமணி, வேகவைத்த மாட்டுத்தலை, மக்காச்சோளம் என்று தனித்தனிச் சந்தைகள். அவற்றின் நடுவே விடிகாலைச் சந்தை. ஒப்பந்தம் முடித்த இந்தியர்கள் சிறு தோட்டம் போட்டு, காய்கறி விளைவித்து, தலைச்சுமையாகவும் வண்டியிலும் கொண்டுவந்து விற்ற வழக்கத்தின் தொடர்ச்சி அது. 1910-இல் பிறந்து, 1930களில் இப்போதைய இடத்துக்கு வந்தது. கறிவேப்பிலை, முருங்கை, கத்தரிக்காய், பச்சை மிளகாய் எல்லாம் கிடைக்கும். கடைக்காரர்களின் பெயர்கள் மூட்லி, கவெண்டர், பிள்ளே என்று காதில் விழும்; பக்கத்துக் கடையில் ஜூலுப் பெண்மணி கீரைக்கட்டை அடுக்கிக்கொண்டிருப்பார்.

2009-இல் மாநகராட்சி அந்த இடத்தில் ஒரு வணிக வளாகம் கட்டத் தீர்மானித்தது. சொன்ன காரணங்களில் உலகக்கோப்பையும் ஒன்று. வியாபாரிகள் மறுத்தார்கள். மாநகராட்சி சந்தைக் கதவுகளைப் பூட்டியது, வியாபாரிகள் உள்ளே போக முயன்றார்கள், போலீஸ் ரப்பர் குண்டு சுட்டது. இந்திய வியாபாரிகளும் ஆப்பிரிக்க வியாபாரிகளும் மூட்டை தூக்குபவர்களும் ஒரே பக்கம் நின்றார்கள். வழக்கறிஞர்களும் நகரத் திட்டமிடுபவர்களும் துணைக்கு வந்தார்கள். உலகக்கோப்பை வந்து போனது, வளாகம் எழவில்லை. 2011-இல் மாநகராட்சி திட்டத்தைக் கைவிட்டது. போட்டி நடந்த அதே 2010-இல் சந்தைக்கு நூறு வயது.

கடற்கரையில் தூண்டில் போடுகிறவர்களுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை. கடலுக்குள் நீளும் பாலங்களில் நின்று மீன் பிடிப்பது டர்பன் இந்தியர்களின் பழைய வழக்கம். பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு அன்றாட அடுப்பு. 2010-ஐ முன்னிட்டுக் கரையைச் சீரமைத்தபோது அவர்களைப் பாலங்களிலிருந்து விலக்கினார்கள். மைதானத்தைச் சுற்றியிருந்த தெருக்களில், ஃபிஃபாவோடு ஒப்பந்தம் இல்லாத தெரு வியாபாரிகளும் ஆட்ட நாட்களில் ஒதுங்கிப்போக வேண்டியிருந்தது. உலகத்தையே வரவேற்ற கரையில், ஊர்க்காரர்களில் சிலர் ஓரமாக நின்று பார்த்தார்கள்.

இன்று

மபிடா மைதானம் கட்ட 300 கோடி ராண்டுக்கும் மேல் செலவானது. இப்போது அமாஜூலு அணி அங்கே ஆடும் சாதாரண நாட்களில் இருக்கைகள் பெரும்பாலும் காலி. கெய்சர் சீஃப்ஸோ ஆர்லாண்டோ பைரட்ஸோ வந்தால்தான் நிரம்பும். பக்கத்திலேயே கிங்ஸ் பார்க்கில் ரக்பி அணியான ஷார்க்ஸ் ஆடுகிறது. அது புது மைதானத்துக்கு மாறவே இல்லை. சாலைக்கு இந்தப்பக்கம் ஒன்று, அந்தப்பக்கம் ஒன்று என 50,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய இரண்டு மைதானங்கள், ஒரே மாநகரத்தில் நின்றுகொண்டிருக்கின்றன. 2013 ஆப்பிரிக்கக் கோப்பையின் அரையிறுதி மபிடாவில் நடந்தது. 2022 காமன்வெல்த் போட்டியும் டர்பனுக்குக் கிடைத்தது. பணத்துக்கு வழியில்லாமல் 2017-இல் கைநழுவியது.

கால்பந்தில் இந்தியர்களின் இடமும் மாறிவிட்டது. இனங்கள் எல்லாம் ஒன்றாக ஆடும் புதிய பிரீமியர் லீக்கை 1996-97-இல் முதன்முதலாக வென்றது மேனிங் ரேஞ்சர்ஸ்: 1928-இல் டர்பன் இந்தியர்கள் தொடங்கி, சாட்ஸ்வொர்த் மைதானத்தில் ஆடிய அணி. பத்தே வருடத்தில் அந்த அணியின் இடம் விற்கப்பட்டு வேறு ஊருக்குப் போய்விட்டது. ஒதுக்கிவைத்த காலத்தில் தன் மைதானம், தன் லீக் என்று செழித்தது சமூகத்தின் கால்பந்து. எல்லாக் கதவுகளும் திறந்தபின் பணமும் தொலைக்காட்சியும் கேட்கிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. சாட்ஸ்வொர்த்துப் பையன்கள் இன்று லிவர்பூல், மான்செஸ்டர் யுனைட்டெட் சட்டைகளைப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஒன்றாக வுவுசேலா ஊதியதாலேயே இனங்கள் ஒட்டிக்கொண்டுவிடவில்லை. 2021 ஜூலைக் கலவரத்தின்போது, இனவொதுக்கல் அரசு இந்தியர்களுக்காக உருவாக்கிய ஃபீனிக்ஸ் பகுதியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். 1949 கலவரத்தில் ஆப்பிரிக்கர்களிடம் அடிபட்டு இறந்த இந்தியர்களின் நினைவு ஒருபக்கம், ஃபீனிக்ஸின் நினைவு மறுபக்கம். உலகக்கோப்பையின் முப்பது நாட்கள் இதற்கு மருந்தாக முடியாது, ஆகவும் இல்லை.

அப்படியானால் போட்டி விட்டுச்சென்றது என்ன? கடலோர நடைபாதை. உம்கேனி முகத்துவாரத்திலிருந்து தெற்கே உஷாக்கா கடல் பூங்கா வரை நீளும் அதை 2010-ஐ ஒட்டி அகலப்படுத்தி இணைத்தார்கள். பிறகு 2019-இல் துறைமுக வாய் வரை நீட்டினார்கள். டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது. விடியற்காலையில் அங்கே ஓடுபவர்கள், மிதிவண்டிக்காரர்கள், சேலைமேல் ஸ்வெட்டர் போட்டு நடக்கும் பாட்டிகள், ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளை அங்கியோடு அலையில் ஞானஸ்நானம் கொடுக்கும் ஜூலு சபையினர் எல்லோரும் வருகிறார்கள். மைதானத்தோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு அற்பம். பிரித்துவைத்த வடக்குக் கரையையும் நடுக்கரையையும் தெற்குக் கரையையும் ஒரே பாதையாகச் சேர்த்தது அதுதான்.

ஆனால் அந்தக் கரையில் பலகை திரும்பி வந்தது. 2022 ஏப்ரலில் பெய்த பேய்மழையில் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். டர்பனின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் உந்து நிலையங்களும் சிதைந்தன. ஏற்கெனவே பராமரிப்பு இல்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தவை அவை. சாக்கடை உம்கேனி ஆற்றில் கலந்து கடலுக்கு வந்தது. நீரில் கிருமிகள் அளவு மீறியதால் கடற்கரைகளை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். 2022 டிசம்பர் விடுமுறைக் கூட்டம் வந்தபோதும் சில பகுதிகளில் குளிக்கத் தடை இருந்தது. இந்தத் தடை யாருடைய நிறத்தையும் பார்க்கவில்லை. ஆனால் வீட்டில் நீச்சல் குளம் இருப்பவருக்கும், வருடத்தில் ஒருமுறை டாக்ஸி பிடித்துக் கடல் பார்க்க வருபவருக்கும் அதன் பாரம் ஒன்றல்ல.

ஜூனில் டர்பனுக்குப் போகிறவருக்குச் சொல்ல வேண்டியவை அதிகமில்லை. வெயில் அப்படியே இருக்கிறது, மத்தி வந்தால் இன்றும் வலை இழுக்கிறார்கள். மாநகராட்சி வெளியிடும் கடல்நீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு நீரில் இறங்குங்கள். விடிகாலைச் சந்தைக்கு ஆறு மணிக்குள் போய்விடுங்கள். மபிடாவில் உள்ளூர் ஆட்டம் இருந்தால் ஒரு டிக்கெட் வாங்குங்கள். விலை மலிவு, இடமும் தாராளம்.

பெரிய போட்டிகளை நடத்தத் துடிக்கும் நகரங்களுக்கும் டர்பனிடம் ஒரு கணக்கு இருக்கிறது. கடற்கரையைத் திறந்தது 1989-இல் நனைந்தவர்கள். சந்தையைக் காத்தது 2009-இல் கதவருகே நின்றவர்கள். உலகக்கோப்பை இந்த இரண்டுக்கும் வெளிச்சம் போட்டது, கூடவே ஒரு நல்ல நடைபாதையும் ஒரு பெரிய செலவும் தந்தது. அடுத்த முப்பது வருடமும் எல்லோரும் அந்தக் கடலில் இறங்க வேண்டும் என்றால், வளைவுக்கு ஒதுக்கிய அக்கறையில் கொஞ்சத்தையாவது மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களுக்கும் ஒதுக்க வேண்டும். குழாயைத் திறந்துவைக்க உலகத் தலைவர்கள் வரமாட்டார்கள். அதனால்தான் அது எப்போதும் வரிசையில் கடைசியில் நிற்கிறது.